ஐந்நூறுக்குக் கீழே

ஏப்ரல் 9, புதன்

மின் கணக்கெடுக்க வந்தவர் மீட்டர் முன் இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை. வெள்ளை அட்டையில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு மாதத்துக்கு 534 யூனிட். ஐந்நூறைத் தாண்டினால் தாண்டிய முப்பத்து நாலுக்கு மட்டும் கூடுதல் விலை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, கீழே இருக்கும் யூனிட்டுகளின் விலையும் ஏறிவிடும். 2,376 ரூபாய்.

மாலையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் திருஞானம் தன் வீட்டு அட்டையைப் படம் எடுத்துப் போட்டிருந்தான். திருஞானம் என் மனைவி புனிதவதியின் தம்பி. கே.கே. நகரில் வீடு. மூன்று பேர், 386 யூனிட். ‘மாமா, உங்க வீட்டு நியூஸ் என்ன?’ என்று கேட்டிருந்தான். நான் பேசாமல்தான் இருந்தேன். புனிதா எங்கள் எண்ணைத் தட்டி அனுப்பிவிட்டாள்.

‘ரெண்டு பேருக்கு ஐந்நூத்தி முப்பத்திநாலா? மாமா, வீட்டுக்குள்ள பிரஸ் ஓட்டுறீங்களா?’

பன்னிரண்டு பேர் சிரித்த முகம் போட்டார்கள். எண்ணிப் பார்த்தேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

காலை முழுவதும் மீட்டர் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அதில் ஒரு சிவப்புப் பொட்டு விளக்கு இருக்கிறது. மின்சாரம் ஓட ஓடச் சிமிட்டும். 3,200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட். மீட்டர் முகத்திலேயே சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கிறது.

புனிதாவை உள்ளே நிற்கவைத்து ஒவ்வொன்றாகப் போடச் சொன்னேன். “ஹால் ஃபேன்!” என்பேன். “போட்டாச்சு!” என்பாள். கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணுவேன். நிருபராக மாநகராட்சிக் கூட்டங்களில் கை தூக்கியவர்களை எண்ணிய பழக்கம், தவறவிடுவதில்லை.

பதினோரு மணிக்கு உள்ளிருந்து குரல் வந்தது. “என்னங்க, சாம்பார் கொதிக்குது. அதுக்கும் மீட்டர் பாக்கணுமா?”

அதிகம் தின்பவை நான்கு: ஏ.சி., வெந்நீர் ஹீட்டர், தண்ணீர் மோட்டார், ஃப்ரிட்ஜ். ஃப்ரிட்ஜ் 2009-இல் வாங்கியது. மற்ற மூன்றும் வேலை முடிந்தால் நிற்கும். இது ஒன்றுதான் இரவும் பகலும் ஓடுகிறது.

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்று முதல் நடைமுறை. ஏ.சி. கிடையாது. ஹீட்டர் கிடையாது, கேஸ் அடுப்பில் ஒரு குண்டான் வெந்நீர். மோட்டார் இரண்டு நாளைக்கு ஒரு முறை. துணி தேய்ப்பது ஞாயிறு மட்டும். டி.வி., அதன் கேபிள் பெட்டி, செல்போன் சார்ஜர் எல்லாவற்றையும் பிளக்கிலிருந்து பிடுங்கிவிட வேண்டும்.

“என்னையும் பிடுங்கி ஒரு ஓரமா வெச்சுடுங்க” என்றாள் புனிதா.

தினமும் காலை ஆறு மணிக்கு மீட்டர் எண்ணை இந்தக் குறிப்பேட்டில் எழுதுவதாக முடிவு.

ஏப்ரல் 15, செவ்வாய்

இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஃப்ரிட்ஜை அணைப்பது இன்று தொடங்குகிறது. நேற்றும் முந்தாநாளும் சோதித்தேன். கதவைத் திறக்காமல் இருந்தால் எட்டு மணி நேரம் குளிர் ஓரளவு தங்குகிறது. ஓர் இரவுக்கு 0.4 யூனிட் மிச்சம்.

“மருந்து இருக்குங்களே உள்ள” என்றாள் புனிதா. அவள் சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்ளத் தொடங்கி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. காலையில் பதினாலு, மாலையில் எட்டு. தானே போட்டுக்கொள்வாள். மூன்று மூன்று குப்பியாக வாங்கி ஃப்ரிட்ஜ் கதவுத் தட்டில் வைத்திருப்போம்.

“அதை யோசிக்காம இருப்பேனா?” என்றேன். கதவுத் தட்டுதான் முதலில் சூடேறும் இடம். குப்பிகளை எடுத்து, ஐஸ் பெட்டிக்கு நேர் கீழே ஒட்டியிருக்கும் தட்டில், சுவரோடு சாய்த்து வைத்தேன். காலையில் ஃப்ரிட்ஜைப் போட்டதும் சீக்கிரம் குளிர வேண்டும் என்பதற்காகக் குமிழைக் கடைசி எண்ணுக்குத் திருப்பிவிட்டேன்.

ஏப்ரல் 21, திங்கள்

ஒரு நாளைய சராசரி 6.9. முன்பு 8.9.

ஏப்ரல் 27, ஞாயிறு

புனிதா இரவில் நான்கைந்து முறை எழுந்து பாத்ரூம் போகிறாள். ஒவ்வொரு முறையும் ஹால் விளக்கு, பாத்ரூம் விளக்கு. இரண்டையும் ஒன்பது வாட் பல்பாக மாற்றியிருக்கிறேன் என்பதால் பெரிய செலவில்லை. ஆனாலும் திரும்பி வரும்போது ஒன்றை அணைக்க மறந்துவிடுகிறாள். சொன்னேன்.

தண்ணீரும் நிறையக் குடிக்கிறாள். வெயில்.

ஏப்ரல் 30, புதன்

இப்போது விளக்கே போடாமல் போய் வருகிறாள். நேற்று பாத்ரூம் வாசற்படியில் இடது கால் பெருவிரலை இடித்துக்கொண்டாள். நகம் கறுத்திருக்கிறது. “நான் விளக்கே போடாதேன்னு சொன்னேனா?” என்று கேட்டேன். “இல்ல” என்றாள்.

மே 2, வெள்ளி

வெறும் வயிற்றில் சர்க்கரை 268. மார்ச்சில் 130 இருந்தது. கருவி தவறோ என்று எனக்கும் ஒரு முறை குத்திப் பார்த்தேன். 97.

மருந்து தவறாமல் போட்டுக்கொள்கிறாள், என் கண் முன்னாலேயே. அப்படியென்றால் வாய்தான். மாம்பழக் காலம் வேறு.

மே 3, சனி

மோட்டார் 22 நிமிடம். துணி அலசல் கையால். சராசரி 6.7.

மே 5, திங்கள்

சமையலறையில் சர்க்கரை பாட்டிலிலும் வெல்ல டப்பாவிலும் பென்சிலால் சின்னக் கோடு போட்டேன். அவள் எதிர்வீட்டுக்குப் போயிருந்த நேரம்.

மே 8, வியாழன்

வெல்லம் கோட்டுக்கு அரை அங்குலம் கீழே.

டப்பாவைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன். கோட்டைக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

“நேத்து உங்களுக்குப் பருப்புப் பாயசம் வெச்சேனே. ரெண்டு டம்ளர் குடிச்சீங்க.”

“அதுக்கு இவ்வளவா போகும்?”

“இல்ல. மிச்சத்தை நான் தின்னுட்டேன். எழுதிக்கங்க.”

கோபத்தில் சொன்னது என்று தெரிகிறது. ஆனாலும் எழுதிக்கொண்டேன்.

மே 11, ஞாயிறு

திருஞானம் மகள் நிவேதாவுக்கு நிச்சயதார்த்தம். மண்டபத்தில் நூற்று ஐம்பது பேர் இருக்கும். முதல் பந்தியில் எனக்கு ஒரு பக்கம் புனிதா, இன்னொரு பக்கம் திருஞானம். பரிமாறுகிறவர் பால்கோவா தட்டோடு வந்தார். புனிதாவின் இலையில் ஒரு கரண்டி வைத்தார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

“இந்த இலைக்கு வேண்டாம், எடுத்துடுங்க” என்றேன்.

“ஒரு நாள்தானே மாமா, அக்கா சாப்பிடட்டும்” என்றான் திருஞானம்.

“ஒரு நாளா? வீட்டுல மறைச்சு மறைச்சுத் தின்னுட்டுதான் சர்க்கரை இருநூத்தி அறுபத்தெட்டுல நிக்குது. டப்பாவுல கோடு போட்டு வெச்சுக் கண்டுபிடிச்சேன்.”

எதிர் வரிசை வரைக்கும் கேட்டிருக்கும். யாரோ சிரித்தார்கள். திருஞானத்தின் மனைவி கோமதி சாம்பார் வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். “அண்ணி, இந்த வயசுல நாக்கைக் கட்ட வேண்டாமா?” என்றாள், அன்பாகத்தான். பரிமாறுகிறவர் பால்கோவாவை இலையிலிருந்து வழித்து எடுத்துப் போனார். புனிதா சாம்பாருக்குக் காத்திருக்கவில்லை. இலையை மடித்துவிட்டு எழுந்து கை கழுவப் போனாள்.

நல்லதுக்குத்தானே சொன்னேன்.

மே 14, புதன்

டாக்டர் மெஹருன்னிசாவிடம் போனோம். சர்க்கரை 290. “சாப்பாடு எப்படிம்மா?” என்று அவர் புனிதாவைத்தான் கேட்டார். “வாய்க் கட்டுப்பாடு இல்லை டாக்டர்” என்று நான் சொன்னேன். டாக்டர் புனிதாவைப் பார்த்தார். அவள் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருந்தை ஏற்றிவிட்டார். காலையில் இருபத்திரண்டு, மாலையில் பன்னிரண்டு. கால் விரலுக்குக் களிம்பு.

மே 19, திங்கள்

சர்க்கரை 251. மீட்டர் சராசரி 6.6. இந்த வேகத்தில் போனால் 410-க்குப் பக்கத்தில் முடியும். திருஞானத்தை மிஞ்ச முடியாது. ஆனால் அங்கே ஏ.சி. இல்லை என்பதைச் சொல்லலாம். இங்கும் ஓடவில்லைதான்.

மே 25, ஞாயிறு

மூன்றாவது குப்பியும் காலையோடு தீர்ந்தது. மாலையில் கடைக்குப் போய் இரண்டு வாங்கி வந்தேன். ஒன்றை உடனே பிரித்துப் பன்னிரண்டு போட்டுக்கொண்டாள். இரண்டையும் வழக்கமான தட்டில் வைத்தேன். பத்து மணிக்கு ஃப்ரிட்ஜை அணைத்தேன்.

மே 26, திங்கள்

காலை ஏழரைக்கு இருபத்திரண்டு போட்டுக்கொண்டாள். இரண்டு இட்லி. ஒன்பது மணிக்கு நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் பாத்திரம் விழும் சத்தம். போனால் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ரவிக்கை முழுதும் வேர்வை. “புனிதா” என்றேன். என்னைத் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். “வண்டி வந்துடுச்சா?” என்றாள். எந்த வண்டி? அப்படியே சரிந்தாள்.

கத்தினேன். எதிர்வீட்டுப் பெண் ஓடிவந்தாள். அவள் மாமனாருக்கும் சர்க்கரை இறங்கி இப்படி வருமாம். “சுகர் எங்க சார் இருக்கு?” என்று கேட்டுக்கொண்டே, நான் கோடு போட்ட பாட்டிலைத் திறந்து, ஈர விரலில் சர்க்கரையை எடுத்து, புனிதாவின் கன்னத்து உள்பக்கத்தில் தடவிக்கொண்டே இருந்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆட்டோவில் ஏற்றியபோது கண் திறந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சர்க்கரை 41.

குளுக்கோஸ் ஏற்றி, பதினொன்றரைக்குள் பேச ஆரம்பித்துவிட்டாள். ஒரு நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். டாக்டர் மெஹருன்னிசா வந்தார். ஒரே மருந்து, ஒரே அளவு, நேற்று வரை சரியாக இறங்கவே இல்லை, இன்று ஏன் இப்படி என்று அவருக்கு விளங்கவில்லை.

“புது பாட்டிலா?”

“நேத்து சாயந்தரம் வாங்கினது.”

“பழசை எங்க வெச்சிருந்தீங்க?”

“ஃப்ரிட்ஜ்லதான்” என்றேன்.

பொய் இல்லை. இப்படிப்பட்ட பதிலை என்னிடம் எத்தனை அதிகாரிகள் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அடுத்த கேள்வியைக் கேட்டிருக்கிறேன். டாக்டர் கேட்கவில்லை. ‘இனிப்பைத் திடீரென நிறுத்தியிருக்கலாம்’ என்று அவர் நோட்டில் எழுதுவதைத் தலைகீழாகப் படித்தேன். அந்தப் பழக்கமும் போகவில்லை.

இரண்டு மணிக்கு மாற்றுப்புடவை எடுக்க வீட்டுக்கு வந்தேன். ஃப்ரிட்ஜ் காலை ஆறிலிருந்து கடைசி எண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தட்டில் பிரிக்காத குப்பி சுவரோடு சாய்ந்து நின்றது. எடுத்து ஆட்டிப் பார்த்தேன். உள்ளே எதுவும் அசையவில்லை. வெள்ளையாக, உறைந்து, கல்லாக இருந்தது. நேற்று பிரித்த குப்பியைப் புனிதா காலையில் போட்டுக்கொண்டு வெளியே மேசையிலேயே வைத்திருந்தாள். அது மட்டும் தண்ணீராக இருந்தது.

மே 3-ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பினேன். மோட்டார் 22 நிமிடம் என்று இருக்கிறது. அன்று காலை நடந்த இன்னொன்றை நான் எழுதவில்லை. மறந்ததால் அல்ல. புனிதா குப்பியை என் முகத்துக்கு நேரே நீட்டி, “மருந்து கட்டியா இருக்குங்க, இப்படி இருக்கலாமா?” என்று கேட்டாள். “உள்ளங்கையில வெச்சு உருட்டு, இளகிடும்” என்றேன். தலையை நிமிர்த்தாமல் சொன்னேன். அவள் உருட்டினாள். அதற்குப் பிறகு தினமும் போடுவதற்கு முன் பத்து நிமிடம் குப்பியைக் கைகளுக்குள் மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்தேன் என எழுதலாம். அப்படி நினைக்கவில்லை. தெரியும்.

நாற்பத்தோரு இரவுகள். மருந்து செத்துப்போயிருக்கிறது. செத்த மருந்துக்காக அளவை ஏற்றினார்கள். நேற்று உயிருள்ள மருந்து வந்தது.

மே 26, மாலை

உறைந்த குப்பியையும் அதன் அட்டைப் பெட்டியையும் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆறு மணிக்கு மேல் புனிதாவுக்கு அடுத்த ஊசி. பன்னிரண்டு என்று எழுதியிருந்தார்கள். ஊசி போட நர்ஸ் தட்டோடு வார்டுக்குள் போவதைப் பார்த்த பிறகுதான் என் கால் நகர்ந்தது. அதுவரை ஆஸ்பத்திரி மருந்துக்கடை வாசலில் நாற்பது நிமிடம் நின்றுகொண்டிருந்தேன்.

“கொஞ்சம் இருங்கம்மா” என்று நர்ஸை நிறுத்தினேன். டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன். நடைபாதையில், ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் நின்று, தேதிவாரியாகச் சொன்னேன். குப்பியைக் காட்டினேன். அதற்குள் ஓரம் இளகி, நடுவில் கட்டி மிதந்தது.

“ஐஸ் பெட்டி கீழயா வெச்சீங்க? உறைஞ்சுபோனா அது வெறும் தண்ணி சார்” என்றார் டாக்டர். குப்பியின் அட்டையை வாங்கித் திருப்பி, என் பக்கம் நீட்டினார். “உறைய விடக்கூடாதுன்னு தமிழ்லயும் போட்டிருக்காங்க. நீங்க பத்திரிகையில இருந்தவர்தானே?”

ஆமாம் என்றேன்.

“இந்தம்மாவை நான் மனசுக்குள்ள எத்தனை திட்டு திட்டியிருக்கேன்” என்றார். நர்ஸிடம் பழைய அளவுக்கு எழுதிக் கொடுத்தார். எட்டு. ‘இனிப்பைத் திடீரென நிறுத்தியிருக்கலாம்’ என்ற வரியை அடித்தாரா என்று தெரியவில்லை. கேட்கக் கூச்சமாக இருந்தது.

மே 27, செவ்வாய்

மதியம் வீட்டுக்கு வந்தோம். ஃப்ரிட்ஜ் குமிழைப் பழைய இடத்துக்குத் திருப்பினேன். குப்பி கதவுத் தட்டில்.

புனிதா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சொன்னேன். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் சொன்ன அளவுக்கு ஒழுங்காக வரவில்லை. மே 3-ஐச் சொல்லும்போது அவளே, “ஆமா, கேட்டேன்” என்றாள்.

“அப்ப நான் எதுவும் திங்கலைன்னு தெரிஞ்சுபோச்சு உங்களுக்கு” என்றாள்.

“தெரிஞ்சுபோச்சு.”

“எனக்கு முன்னாடியே தெரியும்.”

அழுவாள் என்று நினைத்தேன். அழுதால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். கால் விரலுக்குக் களிம்பு எடுத்துத் தரச் சொன்னாள்.

மே 29, வியாழன்

சர்க்கரை 164.

குழுவில் போட ஒரு செய்தி எழுதினேன். முதல் வரைவு இருநூறு சொல். பிறகு எண்பது. பிறகு ஐந்து வரி. தவறு என்னுடையது, புனிதவதி மீது சொன்னது உண்மையல்ல, வருந்துகிறேன். அவளிடம் படித்துக் காட்டினேன்.

“நல்லாருக்கு” என்றாள். “போடாதீங்க.”

“ஏன்?”

“எழுதினா நீங்க அழகா எழுதிடுவீங்க. படிக்கிறவங்க உங்களைத்தான் பெரிய மனுஷன்னு நினைப்பாங்க. நேர்ல போய் வாயால சொல்லுங்க. நானும் வரேன்.”

பத்திரிகையில் முதல் பக்கத்தில் தவறு போனால் ஏழாம் பக்கத்தில் நான்கு வரி வருத்தம் போடுவோம். எழுதுவது நானாகத்தான் இருக்கும். நன்றாக எழுதுவேன் என்று பெயர்.

மே 31, சனி

நாளைக்குப் போக வேண்டும். இன்று போயிருக்கலாம். கால் வலி என்று அவளிடம் சொன்னேன். “எனக்கா உங்களுக்கா?” என்று கேட்டாள்.

ஜூன் 1, ஞாயிறு

காலை பத்து மணிக்கு உறையூரிலிருந்து பேருந்து. கே.கே. நகரில் இறங்கி அவள் முன்னே நடந்தாள், விரலை ஊன்றாமல்.

திருஞானமும் கோமதியும் இருந்தார்கள். நிவேதா வெளியே போயிருந்தாள். “வாங்க மாமா, என்ன திடீர்னு? அக்கா, உடம்பு தேவலையா? ஆஸ்பத்திரின்னு சொன்னதும் வரணும்னுதான் இருந்தோம், கல்யாண வேலை” என்றான் திருஞானம். கோமதி காபி கொண்டுவந்தாள். புனிதாவுக்குச் சர்க்கரை போடாமல் தனி டம்ளர். “உங்களுக்குப் போடல அண்ணி, பயப்படாதீங்க” என்றாள். புனிதா என்னைப் பார்த்தாள்.

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. கேள்வி கேட்டுத்தான் எனக்குப் பழக்கம். மீட்டரிலிருந்து தொடங்கினேன், பிறகு ஃப்ரிட்ஜுக்கு வந்தேன், நடுவில் மறுபடியும் மீட்டருக்குப் போனேன். “அதாவது, நிச்சயதார்த்தத்துல நான் சொன்னது பொய். புனிதா எதையும் மறைச்சுத் தின்னல. மருந்தைக் கெடுத்தது நான். கட்டியா இருக்குன்னு அவ கேட்டப்ப உருட்டுன்னு சொன்னதும் நான்.” இதைச் சொல்லி முடிக்கப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

திருஞானம் முதலில் சிரித்தான். “கரண்டுக்காகவா மாமா? நான் சும்மா விளையாட்டுக்குக் கேட்டதுக்கா?” பிறகு அக்காவின் காலைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். எதையாவது பேச வேண்டுமே என்று, “சரி, ராத்திரி ஃப்ரிட்ஜை அணைச்சதுல மட்டும் எவ்வளவு மிச்சமாகியிருக்கும்?” என்றான்.

எனக்குத் தெரியும். பேருந்தில் வரும்போதுகூடக் கணக்குப் போட்டிருந்தேன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

“நூத்தியாறு ரூபா” என்றேன்.

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. கோமதி எழுந்து போய்ப் புனிதாவின் பக்கத்தில், நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்தாள்.

“அண்ணி, அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி அண்ணன் அப்படிச் சொன்னப்ப, இல்லைன்னு ஒரு வார்த்தை நீங்க சொல்லியிருக்கலாமே. நானும் வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். ஏன் அண்ணி பேசாம இருந்தீங்க?”

புனிதா காபியைக் கீழே வைத்தாள்.

“இவரு முப்பத்தோரு வருஷம் பேப்பர்ல எழுதுனவரு. டப்பாவுல கோடு வேற போட்டு வெச்சிருந்தாரு. நான் இல்லைன்னு சொல்லியிருந்தா, யாரை நம்பியிருப்பீங்க கோமதி?”

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல், கோமதியைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்த அறையில் அவளைத் தவிர மூன்று பேர் இருந்தோம்.